துரத்தாதீர்கள்... தானே வரும்!

மாலத்தீவுக் கடலில் மான்டா திருக்கைகளைத் தேடி...

மாலத்தீவில் பா அடோல் என்ற வளையப் பவளத்தீவுக் கூட்டத்தில், ஹனிஃபாரு என்ற ஆளில்லாத் தீவை ஒட்டி ஒரு சின்ன விரிகுடா இருக்கிறது. மே முதல் நவம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் ஏறும் நேரம் பார்த்து, மான்டா திருக்கைகள் அதற்குள் இரை தேடி வருகின்றன. ஒன்றிரண்டு இல்லை. நல்ல நாள் என்றால் நூறு, சில சமயம் இருநூறு வரைகூட. ஒவ்வொன்றும் மூன்று, நான்கு மீட்டர் அகலம். வாயை அகலத் திறந்துகொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டி வரும். கூட்டம் ஐம்பதைத் தாண்டினால் வரிசையின் தலை வாலைப் பிடித்துக்கொள்ள, மொத்தக் கூட்டமும் வட்டமாகச் சுழலத் தொடங்கிவிடும். 'சூறாவளி விருந்து' என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கும் இந்தக் காட்சியைக் காண்பதற்காகவே உலகின் மூலை முடுக்குகளிலிருந்து ஸ்கூபா டைவர்கள் கிளம்பி வருகிறார்கள்.

ஆனால், அந்த விரிகுடாவுக்குள் முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு ஒருவரும் இறங்க முடியாது. 2012 முதல் அங்கே ஸ்கூபாவுக்குத் தடை. முகமூடி, மூச்சுக்குழாய், காலில் துடுப்பு ஆகியவற்றோடு மேற்பரப்பில் மிதந்தபடி பார்க்கலாம். அதுவும் 45 நிமிடம்தான்.

கடலை நம்பியே சுற்றுலா நடத்தும் ஒரு நாடு, தன்னிடம் இருப்பதிலேயே புகழ்பெற்ற இடத்தில் ஸ்கூபாவை ஏன் நிறுத்தியது? மான்டா எப்படிப்பட்ட உயிர் என்று தெரிந்தால் அந்த முடிவின் நியாயம் புரியும்.

கொட்டாத திருக்கை

திருக்கை என்றதும் கடற்கரைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வாலில் இருக்கும் முள்தான். மான்டாவும் அந்த உறவுதான்; ஆனால் குத்தும் முள் அதற்குக் கிடையாது. கடிக்கவும் செய்யாது. தலையின் இரு பக்கமும் நீண்டிருக்கும் மடல்களை நீந்தும்போது சுருட்டி வைத்துக்கொள்ளும். அப்போது அவை இரண்டு கொம்புகளாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் மேற்கத்திய மாலுமிகள் இந்தக் குடும்பத்துக்கே பேய்மீன் என்று பெயர் வைத்தார்கள். நம் மீனவர்களிடம் கொம்புத் திருக்கை, ஆனைத் திருக்கை என்ற பெயர்கள் உண்டு.

நீண்ட காலம் மான்டா ஒரே இனம் என்றுதான் அறிவியலும் நம்பியது. 2009இல் ஆண்ட்ரியா மார்ஷல் தலைமையிலான ஆய்வு, பவளப்பாறைகளை ஒட்டி வாழும் மான்டா வேறு, ஆழ்கடலில் நெடுந்தூரம் திரியும் மான்டா வேறு என்று பிரித்துக் காட்டியது. முன்னது சராசரியாக 3 முதல் 4 மீட்டர் அகலம். பின்னது 7 மீட்டர் வரை வளரும். எடை 2 டன்னை எட்டும்.

இவ்வளவு பெரிய உடம்புக்கு உணவு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீரில் மிதக்கும் சின்னஞ்சிறு மிதவை உயிர்கள். மடல்களை விரித்து நீரை வாய்க்குள் திருப்பிவிடும். நீர் செவுள் வழியே வெளியேறும். இரை உள்ளே தங்கும். மான்டாவின் செவுளைப் பல காலம் சல்லடை என்றே நினைத்திருந்தார்கள். சல்லடை என்றால் ஓட்டையைவிடச் சிறியது விழுந்துவிட வேண்டும், ஓட்டை அடைத்துக்கொள்ளவும் வேண்டும். மான்டாவிடம் இரண்டும் நடப்பதில்லை. 2018இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வு இதற்கு விடை சொன்னது. செவுளில் வரிசையாக அமைந்த தகடுகளின் மேல் வேகமாக ஓடும் நீர் சுழிக்கிறது. அந்தச் சுழிப்பில் இரைத் துணுக்குகள் தகட்டில் பட்டுத் தெறித்துத் தொண்டைப் பக்கம் போகின்றன. நீர் மட்டும் இடைவெளியில் இறங்கிவிடுகிறது. சலிப்பதைவிட முறத்தில் புடைப்பதற்குத்தான் இது நெருக்கம். ஓட்டையைவிடச் சிறிய இரையும் தப்புவதில்லை, ஓட்டை அடைப்பதும் இல்லை.

மூளை இன்னொரு வியப்பு. மீன்களிலேயே மிகப் பெரிய மூளை மான்டாவுக்குத்தான். 2016இல் சில்லா ஆரி வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி வைத்த தொட்டியில் விடப்பட்ட மான்டாக்கள் கண்ணாடி முன் திரும்பத் திரும்ப வந்து, வழக்கத்துக்கு மாறாகத் துடுப்பை அசைத்தும் குமிழி விட்டும் பார்த்தது பதிவானது. தன் உருவத்தைத் தானே அறிகிறதா என்ற விவாதம் முடியவில்லை. ஆனால், தன் எதிரே இருப்பதை நின்று கவனிக்கும் உயிர் இது என்பதில், அதோடு நீந்திய யாருக்கும் சந்தேகம் வராது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மான்டா மூச்சு விடுவதே நகர்வதால்தான். நீர் செவுளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு ஆக்ஸிஜன் கிடைக்கும். தூங்குவதற்காகக்கூட அது தரையில் படுப்பதில்லை. பிறந்த நொடியிலிருந்து சாகும்வரை நீச்சல்தான்.

காற்று திரும்பினால் மான்டாவும் திரும்பும்

மாலத்தீவு, வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பவளத்தீவுச் சங்கிலி. பருவக்காற்று இழுத்துவரும் பெருங்கடல் நீரோட்டத்துக்கு அது குறுக்கே நிற்கிறது. ஓட்டம் தீவுகளுக்கு இடையே புகுந்து மறுபக்கம் வெளியேறும்போது, சத்து நிறைந்த நீர் மேலே வந்து, அந்தப் பக்கக் கடல் மிதவை உயிர்களால் கலங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் நீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும்; அப்போது அடோல்களின் கிழக்கு விளிம்பில் மான்டாக்களைப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவத்தில் ஓட்டம் திரும்பும். மான்டாக்களும் மேற்கு விளிம்புக்கு மாறிவிடும். தீவு மீனவர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த இந்த இடப்பெயர்வைக் கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2011இல் ஆய்வாகப் பதிவு செய்தார்.

ஹனிஃபாரு, பா அடோலின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. பெருங்கடல் ஓட்டம் ஒரு பக்கம் இழுக்க, ஓதம் எதிர்ப்பக்கம் தள்ள, இடையில் சிக்கிய மிதவை உயிர்கள் வெளியேற வழியில்லாத விரிகுடாவுக்குள் வந்து குவிகின்றன. காற்று, நிலவு, பாறையின் வளைவு மூன்றும் ஒத்துவரும் அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் மான்டாக்கள் காத்திருக்கின்றன.

2005இல் கை ஸ்டீவன்ஸ் தொடங்கிய மாலத்தீவு மான்டா திட்டம், பின்னாளில் மான்டா டிரஸ்ட் அமைப்பாக வளர்ந்தது. ஒவ்வொரு மான்டாவின் வயிற்றிலும் கரும்புள்ளிகள் உண்டு. எந்த இரண்டின் புள்ளிகளும் ஒத்துப்போவதில்லை. வாழ்நாள் முழுதும் மாறுவதும் இல்லை. அந்தப் புள்ளிகளைப் படம் பிடித்து ஒப்பிட்டே மாலத்தீவில் 5,000க்கும் மேற்பட்ட மான்டாக்களைத் தனித்தனியே அடையாளம் கண்டிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அனுப்பும் வயிற்றுப் பக்கப் படங்களும் இந்தப் பதிவேட்டில் சேர்கின்றன.

15 மீட்டர் ஆழத்தில்...

விரிகுடாவுக்குள் ஸ்கூபா இல்லையே தவிர, பா அடோலின் மற்ற பாறைகளில் உண்டு. அவற்றுள் ஒன்று தரவந்தூ தீவருகே இருக்கும் 'திலா'. கடலுக்குள்ளேயே மூழ்கி நிற்கும் பவளக் குன்று அது. அதன் உச்சியில் மான்டாக்களின் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பசி தீர்ந்த மான்டாக்கள், தோலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைச் சின்ன மீன்களிடம் எடுக்கக் கொடுக்க இங்கே வருகின்றன.

தோணியின் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சரிந்து விழுகிறோம். சிலிண்டரில் இருப்பது பலர் நினைப்பதுபோல் ஆக்ஸிஜன் இல்லை. அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான். உடுப்பிலிருந்து காற்றை வெளியேற்றியதும் உடம்பு இறங்குகிறது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதின் அழுத்தத்தைச் சமன்செய்தபடியே போக வேண்டும். 10 மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. 15 மீட்டரில் இரண்டரை மடங்கு. காற்றும் அதே கணக்கில் வேகமாகத் தீரும். சிவப்பு நிறம் காணாமல் போகிறது. பக்கத்தில் இருப்பவரின் சிவப்புத் துடுப்பு பழுப்பாகத் தெரிகிறது.

வழிகாட்டி கையைத் தாழ்த்திக் காட்டுகிறார். எல்லோரும் பாறைக்கு ஒதுக்கமாக, பவளத்தைத் தொடாமல், தாழ்ந்து நிற்கிறோம். சுத்திகரிப்பு நிலையத்தின் மேலே யாரும் போகக் கூடாது. மான்டா வரும் பாதையை மறிக்கக் கூடாது. இனி வேலை காத்திருப்பது மட்டும்தான்.

நீலத்தில் முதலில் ஒரு கறை தெரிகிறது. பிறகு அதற்கு விளிம்பு வருகிறது. சிறகுகள் இரண்டு முறை அசைவதற்குள் குன்றின் மேல் வந்துவிடுகிறது ஒரு மான்டா. ஓட்டத்தை எதிர்த்து, சிறகை அசைத்தும் அசைக்காமலும் அதே இடத்தில் நிற்கிறது. ஓடிவரும் நீரே செவுளுக்குள் புகுந்துவிடுவதால் அதற்கு மூச்சு முட்டுவதில்லை. பாறையிலிருந்து நீலமும் கறுப்பும் கோடு போட்ட விரல் நீள மீன்கள் கிளம்பி, அதன் வயிற்றில் ஊர்கின்றன. செவுள் பிளவுக்குள் நுழைந்து அடுத்த பிளவு வழியாக வெளியே வருகின்றன. வயிற்றில் ஒட்டுமீன்கள் இரண்டு தொங்குகின்றன. வலது சிறகின் பின்விளிம்பில் அரைவட்டமாகச் சதை இல்லை: சுறா கடித்து ஆறிய இடம். இடது சிறகின் நுனியில் கீறல் தழும்புகள். புணர்ச்சியின்போது ஆண் மான்டா பெண்ணின் சிறகு நுனியை வாயால் பற்றிக்கொள்ளும். பெரும்பாலும் இடது சிறகைத்தான். ஆக, இது பெண், வளர்ந்தவள்.

எங்கள் வரிசையிலிருந்து ஒருவர் கேமராவோடு முன்னே நீந்தினார். அவ்வளவுதான். சுத்தம் செய்துகொண்டிருந்த மீன்கள் பாறைக்குள் ஒளிந்தன; மான்டா ஒரு சிறகைச் சாய்த்தது; நீலத்தில் கரைந்துவிட்டது. மான்டாவைத் துரத்திப் பிடிக்கும் மனிதக் கால் எதுவும் இல்லை. வழிகாட்டி அவரைத் தோளைத் தொட்டுப் பின்னுக்கு அழைத்து வந்தார். மறுபடி எல்லோரும் தாழ்ந்து நின்றோம்.

சில நிமிடங்கள் கழித்து அவள் திரும்பி வந்தாள். அதே தழும்பு, அதே கடிவாய். இம்முறை சுத்திகரிப்பு முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, தலைக்கு மேலே மிகத் தாழ்வாகக் கடந்தாள். தலையின் ஓரத்தில் இருந்த கண் உருண்டு எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தபடி போனது. ஸ்கூபாவில் எந்தச் சூழ்நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது, நுரையீரலுக்கு ஆபத்து. எனவே குமிழிகள் அவள் வயிற்றில் முட்டாத அளவுக்கு மெதுவாக, சிறுகச் சிறுக மூச்சை விட்டோம். அன்று கற்ற பாடத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. நெருக்கத்தை முடிவு செய்வது மான்டாதான். நம் வேலை, அது நெருங்கி வரக்கூடிய இடமாக நம்மை வைத்துக்கொள்வது.

சிலிண்டருக்கு ஏன் தடை?

2009இல் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழ் ஹனிஃபாருவின் படங்களை வெளியிட்டது. உலகமே திரும்பிப் பார்த்தது. படகுகள் குவிந்தன. அடியில் டைவர்கள், மேலே மிதப்பவர்கள், நடுவில் மான்டாக்கள். இரை தேடும் மான்டாவுக்கு அடியிலிருந்து எழும்பும் குமிழித் திரை பெரிய தொல்லை. பாதையை மாற்றிக்கொள்ளும், அல்லது உண்பதையே நிறுத்திவிட்டுப் போய்விடும். நிலவும் காற்றும் ஒத்துவந்து கிடைத்த சில மணி நேர உணவு அது. அதைக் கெடுத்தால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று சொல்ல முடியாது.

மாலத்தீவு அரசு 2009இலேயே விரிகுடாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. 2011இல் பா அடோல் முழுவதும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அடுத்த ஆண்டு ஸ்கூபாவுக்குத் தடை வந்தது. ஒரே நேரத்தில் 80 பேருக்கு மேல் நீரில் இருக்கக் கூடாது, பயிற்சி பெற்ற வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது, தொடக் கூடாது, 45 நிமிடத்தில் வெளியேறிவிட வேண்டும். வன உயிர்க் காவலர்கள் படகில் நின்று கண்காணிக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் பா அடோலின் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது.

டைவிங் நடத்துபவர்களுக்கு இது இழப்புதான். இருந்தும் தடை நிலைத்தது. காரணம் எளிமையானது: மான்டா வராத விரிகுடாவில் விற்க எதுவுமில்லை.

உயிரோடு இருந்தால்தான் காசு

ஆண்டர்சனும் சக ஆய்வாளர்களும் 2006 முதல் 2008 வரை எடுத்த கணக்கின்படி, மாலத்தீவில் ஆண்டுக்கு 1,43,000க்கும் மேற்பட்ட டைவ்கள் மான்டாவுக்காகவே நடந்தன. நேரடி வருவாய் ஆண்டுக்கு 81 லட்சம் டாலர். 2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, உலகம் முழுக்க மான்டா சுற்றுலாவால் ஆண்டுக்குச் சுமார் 14 கோடி டாலர் புழங்குவதாக மதிப்பிட்டது.

ஹவாயின் கோனா கடற்கரையில் இதையே இரவில் செய்கிறார்கள். கரையோர ஹோட்டலின் விளக்கொளிக்கு மிதவை உயிர்கள் கூட, அவற்றைத் தின்ன மான்டாக்கள் வந்ததில் தொடங்கிய வழக்கம் அது. இன்று டைவர்கள் கடலடியில் வட்டமாக உட்கார்ந்து டார்ச்சை மேல்நோக்கிப் பிடிக்கிறார்கள். ஒளிக்குள் மான்டாக்கள் குட்டிக்கரணம் போட்டு மேய்கின்றன. மான்டாவைக் கொல்வதை ஹவாய் 2009இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஒரு காலத்தில் மான்டா வேட்டைக்குப் பேர்போன இந்தோனேசியா, 2014இல் தன் கடல் முழுவதிலும் அதற்குப் பாதுகாப்பு அளித்தது. அதே ஆண்டில் மாலத்தீவும் எல்லாத் திருக்கைகளையும் பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஆக்கியது.

---

போக நினைப்பவர்களுக்கு...

* பா அடோலுக்கு ஏற்ற காலம் மே–நவம்பர்; ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வாய்ப்பு அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திட்டமிடுங்கள்.
* தரவந்தூ மக்கள் வாழும் தீவு. உள்நாட்டு விமான நிலையமும், சொகுசு விடுதி அளவுக்குக் கட்டணம் இல்லாத விருந்தினர் இல்லங்களும் உண்டு.
* ஸ்கூபாவுக்கு 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் வேண்டும். அதில் 18 மீட்டர் வரை இறங்கலாம். புதுச்சேரியிலோ அந்தமானிலோ முதலில் பயிற்சி முடித்துவிட்டுப் போவது நல்லது. நீரில் நிலையாக நிற்கத் தெரியாதவர் பவளத்தையும் உடைப்பார், மான்டாவையும் விரட்டுவார்.
* மேலேறும்போது அவசரம் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வர வேண்டும். பல டைவ்கள் செய்தால், கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது.
* மான்டாவிடமிருந்து 3 மீட்டராவது தள்ளியே இருங்கள். முன்னாலோ பின்னாலோ போகாதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். தொடவே தொடாதீர்கள்.
* முன்பதிவுக்கு முன் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? இறங்குமுன் நடத்தை விதிகளைச் சொல்வீர்களா? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

---

நம் வலைகளில்...

மாலத்தீவின் எல்லையைத் தாண்டிய மான்டாவின் கதை வேறு. அதன் செவுள் தகடுகளை உலர்த்திச் சூப்பில் போட்டால் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை, சீனாவின் குவாங்சோவை மையமாகக் கொண்ட ஒரு சந்தையை வளர்த்தது. சீன மரபு மருத்துவத்தின் வேரில் இல்லாத, அண்மைக் காலத்தில் பெருகிய வியாபாரம் இது. மான்டாவும் அதன் நெருங்கிய உறவான பேய்த்திருக்கைகளும் அதிகம் பிடிபடும் நாடுகளின் வரிசையில் இலங்கையும் இந்தியாவும் முன்னணியில் இருக்கின்றன.

நம் மீனவர்கள் பெரும்பாலும் மான்டாவைத் தேடிக் கடலுக்குப் போவதில்லை. சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் விரிக்கும் செவுள்வலையில் அது தானாகச் சிக்குகிறது. நகர்ந்தால்தான் மூச்சு என்ற உடலமைப்பு அங்கேதான் அதற்கு எமனாகிறது. வலையில் கட்டுண்டு நின்றுவிட்ட மான்டாவுக்குச் செவுளில் நீர் ஓடாது. விடியலில் வலை இழுக்கும்போது பெரும்பாலும் உயிர் இருக்காது. பிடிபட்ட கனத்தைக் கடலில் வீசிவிட்டு வர எந்த ஏழைத் தொழிலாளிக்கும் மனம் வராது. எடைக்குக் கறி, கூடுதலாகச் செவுள் விலை என்று கரையில் கைமாறிவிடுகிறது.

சூரை போன்ற மீன்கள் லட்சக்கணக்கில் முட்டையிடும். மான்டா ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். மாலத்தீவில் ஒரு பெண் மான்டா தாயாகும் வயதை எட்டவே 15 ஆண்டுகள் வரை பிடிக்கிறது. இப்படிப்பட்ட இனத்தில் ஆண்டுக்குச் சில நூறு அதிகமாகச் செத்தாலும் ஈடுகட்ட வழியில்லை. ஆழ்கடல் மான்டா அருகிவரும் இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2020இல் அறிவித்தது இதனால்தான். மான்டாவின் பன்னாட்டு வணிகத்தை 2013லும், பேய்த்திருக்கைகளின் வணிகத்தை 2016லும் 'சைட்டிஸ்' என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடிவானது.

சட்டம் துறைமுகத்தில் நிற்கும். வலை நடுக்கடலில் இருக்கிறது. அங்கே செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். வலையை அதிக நேரம் ஊற விடாமல் இடையிடையே பார்ப்பது, உயிரோடு சிக்கியதை வால் பிடித்தோ செவுளில் கொக்கி போட்டோ இழுக்காமல் நீரிலேயே வலையை அறுத்து விடுவிப்பது, அதற்காக வலை கிழிந்தால் இழப்பீடு கிடைப்பது, கரை சேரும் ஒவ்வொன்றையும் இனம் பிரித்துப் பதிவு செய்வது. இவற்றில் எதையும் மீனவர் தலையில் மட்டும் சுமத்த முடியாது. வலைக்கான செலவையும் இழந்த நேரத்தையும் அரசு ஏற்றால்தான் படகில் இருப்பவர் கத்தியை எடுத்து வலையை அறுப்பார்.

ஆழ்கடல் மான்டாவுக்கு எந்த நாட்டு எல்லையும் தெரியாது. ஒரு தேசம் விதி போட்டுக் காத்ததைப் பக்கத்துத் தேசத்தின் வலை தின்றுவிட்டால் அந்த விதியால் பயனில்லை. மாலத்தீவு தன் வருமானத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதைவிடப் பெரியதைக் காப்பாற்றிக்கொண்டது. அதே இந்தியப் பெருங்கடலின் கரையில்தான் நாமும் இருக்கிறோம். தூத்துக்குடியிலும் காசிமேட்டிலும் திருகோணமலையிலும் கரையேறும் கொம்புத் திருக்கைகளின் எண்ணிக்கை குறைந்தால், அதுவே இந்தக் கடலுக்கு நாம் செய்யும் பெரிய நன்மை. அதைக் கேட்கும் உரிமை, மீன் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.